உத்தரவுக்குக் காத்திருந்தவர்களும் காத்திராதவர்களும்: 1861இல் அமெரிக்கக் கடற்படை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்டர் கோட்டை மீது விழுந்த குண்டுகளோடு தொடங்கியது என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் கடற்படை அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், போர் வருவது கண்ணெதிரே தெரிந்தும் அத்தனை பீரங்கிகளும் தளங்களும் எப்படிப் பறிபோயின என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டை விட்டுப் பிரிந்த தென் மாநிலங்களின், அதாவது தெற்கின், பக்கம் போவதென்று முடிவெடுத்த அதிகாரிகள் நன்றாகவே தயாரானார்கள். தேசியக் கொடியின் கீழ் நின்றவர்களின் கைகளை அவர்களுடைய அரசாங்கமே கட்டிவைத்திருந்தது. எழுத்து மூலமான உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்த மூத்தவர்கள் தளங்களை இழந்தார்கள். உத்தரவுக்கு முன்பே காலடி எடுத்துவைத்த சிலரால்தான் மிச்சம் தப்பியது.

முதலில் இருந்த நிலைமை. 1861 மார்ச் மாதம் அமெரிக்கக் கடற்படையில் பணியில் இருந்த கப்பல்கள் 42. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் கரையோரம், மத்தியதரைக் கடல், கிழக்காசியா, பிரேசில் என்று உலகெங்கும் சிதறிக் கிடந்தன. தாயகக் கடலைக் காக்கும் படைப்பிரிவில் இருந்தவை சுமார் ஒரு டஜன். அவற்றிலும் வடக்குத் துறைமுகங்களில் கைக்கெட்டும் தொலைவில் நின்றவை நான்கைந்துதான். 1860 டிசம்பர் 20 அன்றே தென் கரோலினா நாட்டிலிருந்து பிரிந்துபோய்விட்டது. அப்போது கடற்படைச் செயலாளராக (நம்மூர் அமைச்சருக்கு நிகரான பதவி) இருந்த ஐசக் டூசி வெளிநாட்டுக் கப்பல்களைத் திரும்ப அழைக்கவும் இல்லை, தெற்கில் இருந்த தளங்களுக்குக் காவல் கூட்டவும் இல்லை. தெற்கு அதிகாரிகள் ராஜினாமாக் கடிதம் நீட்டியபோதெல்லாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். இதற்காகவே நாடாளுமன்றத்தின் கீழவை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. சிலர் அவரைச் சதிகாரர் என்பார்கள்; நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எதையும் அசைக்காமல் இருந்தால் பிரிந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று அன்றைய குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானன் நம்பினார். டூசி அந்த நம்பிக்கையின்படி நடந்தார். ஆனால் விளைவு என்னவோ சதி செய்திருந்தால் வந்திருக்கும் விளைவுதான்.

தெற்கின் பக்கம் பாருங்கள். பிப்ரவரியில் தென்மாநிலக் கூட்டமைப்பு தனக்கென ஒரு கடற்படைத் துறையை அமைத்து, ஸ்டீபன் மலோரியை அதன் செயலாளராக்கியது. இவர் அதுவரை வாஷிங்டனில் செனட் சபையின் கடற்படைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எது பழுது, எந்த அதிகாரி கெட்டிக்காரர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரஃபேல் செம்ஸ் என்ற கமாண்டர் வாஷிங்டனில் கலங்கரை விளக்க வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி 15 அன்று ராஜினாமா செய்துவிட்டு, மாண்ட்கோமரி நகரத்துக்குப் போய்த் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸைச் சந்தித்தார். டேவிஸ் அவரை எங்கே அனுப்பினார் தெரியுமா? வடக்குக்கு. நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் இருந்த ஆலைகளில் வெடிமருந்தும் துப்பாக்கிகளுக்கான வெடிமூடிகளும் வாங்கவும், ஆயுதம் செய்யத் தெரிந்த தொழிலாளர்களைப் பேசி அழைத்துவரவும். இன்னும் போர் அறிவிக்கப்படாததால் தடுக்கச் சட்டம் இல்லை. எதிரியாகப் போகிறவர்களிடமே சரக்கு வாங்கி ரயிலில் ஏற்றி அனுப்பினார். ஜூன் 30 அன்று அதே செம்ஸ், நியூ ஆர்லியன்ஸில் ஒரு பயணிக் கப்பலை மாற்றியமைத்து ‘சம்டர்’ என்று பெயரிட்டு, முற்றுகையிட்டிருந்த வடக்கின் ‘புரூக்ளின்’ கப்பலின் பிடியிலிருந்து தப்பிக் கடலுக்குள் பாய்ந்தார். பிற்காலத்தில் ‘அலபாமா’ கப்பலில் வடக்கின் வணிகத்தையே கதிகலங்க வைத்தவரும் இவரே.

கடற்படையின் அதிகாரிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இப்படித் தெற்குக்குப் போனார்கள். மாலுமிகளோ ஏறக்குறைய எல்லோருமே இருந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். எனவே தெற்கிடம் கப்பல் இல்லை, மாலுமி இல்லை. அனுபவமுள்ள அதிகாரிகள் மட்டும் ஏராளம்.

இந்த வேறுபாட்டை ஒரே காட்சியில் பார்க்க வேண்டுமானால் ஃப்ளோரிடாவின் பென்சகோலா தளத்துக்குப் போக வேண்டும். 1861 ஜனவரி 12. தளத்தின் தலைவர் கொமடோர் ஜேம்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சேவை செய்தவர். நான்காண்டுக்கு முன்புதான் சீனாவின் கான்டன் ஆற்றுக் கோட்டைகளைத் தாக்கிய படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். கோழை என்று யாரும் சொல்ல முடியாத மனிதர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கமாண்டர் எபனேசர் ஃபாரண்டும், லெப்டினன்ட் பிரான்சிஸ் ரென்ஷாவும் மனத்தளவில் ஏற்கெனவே தெற்கின் ஆட்கள். ஃப்ளோரிடா, அலபாமா மாநிலங்களின் படையினர் வாசலுக்கு வந்து தளத்தைக் கேட்டபோது, தூதர்களை எதிர்கொண்டு கொமடோரிடம் அழைத்துப்போனவர் ஃபாரண்ட். ஆர்ம்ஸ்ட்ராங் தளத்தை ஒப்படைத்துவிட்டார். கொடியை இறக்கும்படி ரென்ஷா உத்தரவிட்டார். உத்தரவு போனது வில்லியம் கான்வே என்ற குவார்ட்டர்மாஸ்டருக்கு. மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த வயதான மாலுமி. பதவியில் அந்த இடத்திலிருந்த யாருக்கும் கீழே. அவர் கயிற்றைத் தொட மறுத்துவிட்டார். கொடியை வேறு கைகள்தான் இறக்கின. ஆர்ம்ஸ்ட்ராங் இராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளியாக்கப்பட்டுப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கான்வேக்குக் கலிஃபோர்னியாவில் வசித்த குடிமக்கள் பதக்கம் செய்து அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெற்குக்குப் போன எல்லா அதிகாரிகளையும் ஒரே தட்டில் வைத்துத் துரோகி என்பது எனக்கு ஏற்பில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, சீருடையைக் கழற்றிவிட்டுப் போனவர் ஒரு வகை. சீருடைக்குள் இருந்துகொண்டே, தன்னை நம்பிய முதியவருக்குத் தவறான ஆலோசனை சொல்லி வாசலைத் திறந்துவிட்டவர் வேறு வகை. ஃபாரண்டும் ரென்ஷாவும் இரண்டாம் வகை. அவர்களுக்காகப் பரிந்து பேச என்னிடம் எதுவும் இல்லை.

முதல் வகையினரின் மனப்போராட்டம் நேர்மையானது. மேரிலாந்துக்காரரான ஃபிராங்க்லின் புக்கானன் (குடியரசுத் தலைவருக்கு இவர் உறவினர் அல்லர்) அன்னபொலிஸ் கடற்படைக் கல்லூரியின் முதல் தலைவர், அப்போது வாஷிங்டன் கடற்படைத் தளத்தின் பொறுப்பாளர். பிப்ரவரியில் தளத்தைக் கடைசி மூச்சுவரை காக்க வேண்டும், செயலாளரின் உத்தரவின்றி யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்று தம் ஆட்களுக்கு ஆணையிட்டவர். பால்டிமோரில் கலவரம் மூண்டதும் மேரிலாந்தும் பிரியப்போகிறது என்று எண்ணி ஏப்ரல் 22 அன்று ராஜினாமா செய்தார். மேரிலாந்து பிரியவில்லை. கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றார். மார்ச்சில் பதவிக்கு வந்த குடியரசுத் தலைவர் லிங்கனின் புதிய கடற்படைச் செயலாளர் கிதியன் வெல்ஸ் மறுத்துவிட்டார். பதவி விலகல் என்றல்ல, பணிநீக்கம் என்றே பதிவேட்டில் எழுதச் சொன்னார். டூசியின் காலத்துக்கும் வெல்ஸின் காலத்துக்கும் வித்தியாசம் இதுதான். மார்ச்சுக்குப் பிறகு விலகியவர்களில் பலருக்கு மரியாதையான விடைபெறல் கிடைக்கவில்லை, பெயர் அடித்து நீக்கப்பட்டது.

டேவிட் ஃபாரகட் இதற்கு நேர் எதிர். டென்னசியில் பிறந்தவர், வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் குடியிருந்தவர், மனைவி வர்ஜீனியாக்காரர். ஒன்பது வயதில் கடற்படையில் சேர்ந்தவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது. வர்ஜீனியா மாநாடு ஏப்ரல் 17 அன்று பிரிவினைக்கு வாக்களித்தது. தாம் கொடியை விடப்போவதில்லை என்று மனைவியிடம் சொல்லி, உடன் வருவதா பிறந்த வீட்டாரோடு இருப்பதா என்பதை அவர் முடிவுக்கே விட்டார். மனைவியும் மகனும் அவருடனேயே கிளம்பினார்கள். மறுநாளே குடும்பம் நார்ஃபோக்கை விட்டுவிட்டது. நியூயார்க்குக்கு வடக்கே ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் போய் அமர்ந்த அவரை ஆரம்பத்தில் வடக்கும் முழுசாக நம்பவில்லை. பல மாதங்கள் முக்கியமில்லாத வேலைதான் கொடுத்தார்கள். அவரிடம் கப்பற்படை கிடைத்தபோது நியூ ஆர்லியன்ஸ் விழுந்தது.

வெல்ஸ் பத்திரிகைக்காரர்; மார்ச் 7 அன்று பதவியேற்றார். தம் மேசைக்கு முன் நிற்கும் அதிகாரிகளில் யார் நாளைக்கு இருப்பார் என்றே அவருக்குத் தெரியாது. இந்தச் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்பதற்கு ஒரு சான்று போதும். ஏப்ரல் 1 அன்று வெளியுறவுச் செயலாளர் செவார்ட் கொண்டுவந்து வைத்த தாள்களில் லிங்கன் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டார். அவற்றில் ஒன்று, அதிகாரிகளை எந்தக் கப்பலில் யாரை நியமிப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் கேப்டன் சாமுவேல் பாரனை உட்கார வைத்தது. பாரன் வர்ஜீனியாக்காரர்; சில வாரங்களுக்குள் தெற்கில் இருந்தார். வெல்ஸ் அன்றிரவே லிங்கனிடம் ஓடி அந்த ஆணையை நிறுத்தியிராவிட்டால் நியமனப் பட்டியலே எதிரியின் கையில்.

அதே தாள்களில் இன்னொன்று லெப்டினன்ட் டேவிட் டிக்சன் போர்ட்டரிடம் ‘பவ்ஹாட்டன்’ என்ற போர்க்கப்பலை ரகசியமாக ஒப்படைத்தது, ஃப்ளோரிடாவின் பிக்கன்ஸ் கோட்டைக்கு உதவப் போவதற்காக. வெல்ஸோ அதே கப்பலைச் சம்டர் கோட்டைக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தார்! கடற்படைச் செயலாளருக்கும் சொல்லக் கூடாது என்று நியூயார்க் தளத்துக்கு ஆணை. விஷயம் தெரிந்து லிங்கன் கப்பலைத் திருப்பச் சொன்னபோது, திரும்பும்படி வந்த தந்தியில் கையெழுத்து செவார்டுடையது. தமக்கு ஆணையிட்டவர் குடியரசுத் தலைவர், செவார்ட் அல்லர் என்று சொல்லிப் போர்ட்டர் போயே போய்விட்டார். சம்டருக்குப் போன படையணி அந்தக் கப்பல் இல்லாமல் நின்றது. உத்தரவை எதிர்பாராமல் செயல்படுகிறவர்களை இந்தப் பதில் முழுக்க நான் பாராட்டப்போகிறேன் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்: போர்ட்டர் செய்தது அந்த வகையில் சேராது. அவர் தமக்குப் பிடித்த உத்தரவை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிக்கன்ஸ் கோட்டைக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் வோர்டன். பென்சகோலா தளம் விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், லெப்டினன்ட் ஆடம் ஸ்லெம்மர் என்ற தரைப்படை அதிகாரி தம் சிறு காவலோடு கரையை விட்டுவிட்டு எதிரே தீவில் இருந்த பிக்கன்ஸ் கோட்டைக்கு மாறிவிட்டார். இப்படி ஒரு சிறிய அதிகாரி நேரத்தோடு எடுத்த முடிவால் அந்தக் கோட்டை போர் முழுவதும் வடக்கிடமே இருந்தது. ஆனால் ஜனவரி இறுதியில் குடியரசுத் தலைவர் புக்கானனின் அரசு தெற்குடன் ஒரு உடன்பாடு செய்துகொண்டது: தாக்காதவரை கோட்டைக்குப் படை இறக்க மாட்டோம். துணைப்படை கப்பலிலேயே கடலில் காத்துக் கிடந்தது. லிங்கன் அரசு இறக்கச் சொன்னபோது கேப்டன் ஹென்றி ஆடம்ஸ் மறுத்தார். வந்திருப்பது தரைப்படையின் ஆணை, எனக்குக் கடற்படைச் செயலாளர் கொடுத்த பழைய ஆணை இன்னும் ரத்தாகவில்லை என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. காலமோ ஓடிக்கொண்டிருந்தது.

வெல்ஸ் வோர்டனை அழைத்து ஆடம்ஸுக்கான உத்தரவைக் கொடுத்து, எதிரி மாநிலங்களின் வழியாக ரயிலிலேயே போகச் சொன்னார். போகும் வழியில் சோதனை வந்தால் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். வோர்டன் அதை வார்த்தை தவறாமல் மனப்பாடம் செய்துகொண்டு காகிதத்தை அழித்துவிட்டார். பென்சகோலாவில் தெற்கின் தளபதி பிராக்கைச் சந்தித்து, வாய்மொழிச் செய்தி இருக்கிறது என்று சொல்லிக் கப்பலுக்குப் போக அனுமதி பெற்றார். ஏப்ரல் 12 அன்று செய்தி ஆடம்ஸிடம் சேர்ந்தது. அன்றிரவே வீரர்கள் கோட்டையில் இறங்கினார்கள். ரயிலில் திரும்பும்போது வோர்டன் பிடிபட்டுச் சுமார் ஏழு மாதம் சிறையில் கிடந்தார்.

நார்ஃபோக் தளத்தின் கதை இவை எல்லாவற்றையும்விடப் பெரிது; கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. அன்றைய அமெரிக்காவின் மிகப்பெரிய கடற்படைத் தளங்களில் ஒன்று. 40 பீரங்கி தாங்கிய நீராவிப் போர்க்கப்பல் ‘மெரிமாக்’ அங்கே இயந்திரம் பிரித்துப் போடப்பட்ட நிலையில் கிடந்தது. தளத் தலைவர் கொமடோர் சார்லஸ் மக்காலிக்கு அறுபத்தெட்டு வயது. ஏப்ரல் 10 அன்று வெல்ஸ் அவருக்கு எழுதிய கடிதம் கப்பல்களைக் கிளம்பத் தயாராக வைக்கச் சொன்னது. கூடவே, தேவையில்லாமல் யாரையும் கலவரப்படுத்தும்படி எதுவும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. வர்ஜீனியா இன்னும் பிரியவில்லை, அதைச் சீண்டிவிடக் கூடாது என்ற பயம் லிங்கனுக்கும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எந்த அதிகாரியாலும் செய்ய முடியாது. தயங்கும் மனிதரிடம் இப்படி ஒரு கடிதம் போனால் அவர் இரண்டாவது வரியைத்தான் பிடித்துக்கொள்வார். மக்காலியும் அப்படியே செய்தார்.

வெல்ஸ் தலைமைப் பொறியாளர் பெஞ்சமின் இஷர்வுட்டை நேரில் அனுப்பினார். மெரிமாக்கைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும் என்பது தளத்தின் கணக்கு. இஷர்வுட் ஏப்ரல் 14 அன்று வந்தார். இயந்திரத்தின் பாகங்கள் பட்டறை பட்டறையாகச் சிதறிக் கிடந்தன. தொழிலாளர்களை இரவும் பகலும் முறை வைத்து வேலை வாங்கினார். 17ஆம் தேதி பிற்பகல் இயந்திரம் தயார் என்று மக்காலியிடம் போய்ச் சொன்னார். மறுநாள் காலை கொதிகலனில் நெருப்பு மூட்டி, நீராவி ஏறி, பொறியாளர்களும் தீ போடுகிறவர்களும் தத்தம் இடத்தில் நின்றார்கள். கிளம்ப உத்தரவு கேட்டபோது, இன்னும் முடிவு செய்யவில்லை என்றார் மக்காலி. பிற்பகலில் நெருப்பை அணைக்கச் சொன்னார்.

அவரைச் சுற்றி இருந்த தெற்கு அதிகாரிகள், கப்பலை நகர்த்தினால் ஊரே கொதித்தெழும் என்று காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். விரைவிலேயே அவர்கள் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள். கால்வாயில் படகுகளை மூழ்கடித்து வழியை அடைக்கும் வேலையை வர்ஜீனியாக்காரர்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தார்கள். கப்பலைக் கொண்டுபோகவென்றே வெல்ஸ் அனுப்பிய கமாண்டர் ஜேம்ஸ் ஆல்டன் அங்கேயே இருந்தார். அவர் துணிந்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். வெல்ஸும் பிற்பாடு அவரைக் குறை சொன்னார். ஆனால் கொமடோர் உயிரோடு எதிரே நிற்கும்போது ஒரு கமாண்டர் கயிற்றை அறுத்துக்கொண்டு போவது அந்தக் காலக் கடற்படையில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

ஏப்ரல் 20 அன்று மக்காலி கப்பல்களை மூழ்கடிக்க உத்தரவிட்டார். அன்று மாலை எட்டு மணிவாக்கில் கொமடோர் ஹிராம் பால்டிங் ‘பானி’ கப்பலில் துணைப்படையுடன் வந்து சேர்ந்தபோது மெரிமாக் ஏற்கெனவே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை எரிப்பது தவிர வழியில்லை என்று முடிவெடுத்தார். 120 பீரங்கிகளுக்காகக் கட்டப்பட்ட ‘பென்சில்வேனியா’ முதற்கொண்டு கப்பல்கள் எரிந்தன. ‘கம்பர்லேண்ட்’ ஒன்றை மட்டும் இழுத்துக்கொண்டு போனார்கள். கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர் துறையைத் தகர்க்க வைத்த வெடிமருந்து வெடிக்கவில்லை. அவசரத்தில் பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்யும் வேலையும் அரைகுறை. சுமார் 1,200 கனரக பீரங்கிகள் தெற்கின் கைக்குப் போயின. பீரங்கி வார்க்கும் ஆலைகள் குறைந்த தெற்குக்கு இது பெரிய புதையல். அடுத்த பல மாதங்களில் தெற்கின் நதிக்கரைக் கோட்டைகளிலிருந்து வடக்கின் கப்பல்கள் மீது விழுந்த குண்டுகளில் கணிசமானவை வடக்கின் பீரங்கிகளிலிருந்தே வந்தன.

அதே வாரத்தில் அன்னபொலிஸ் கடற்படைக் கல்லூரி வேறு விதமாக நடந்துகொண்டது. தலைவர் கேப்டன் ஜார்ஜ் பிளேக்கின் பெரிய கவலை, பயிற்சிக் கப்பலாக நின்ற பழம்பெரும் ‘கான்ஸ்டிடியூஷன்’. பிரிவினைக்காரர்கள் அதைக் கைப்பற்றிக் கொடியேற்றினால் அவமானம் தாங்காது என்று அவர் காவல் போட்டார். ஜெனரல் பட்லரின் மாசசூசெட்ஸ் படை வந்து சேர்ந்ததும் கப்பலைப் பாதுகாப்பான ஆழத்துக்கு நகர்த்தினார்கள். ஏப்ரல் 24 அன்று மாணவர்கள் அதில் ஏறி ரோட் தீவின் நியூபோர்ட்டுக்குக் கிளம்பினார்கள். தெற்கைச் சேர்ந்த மாணவர்கள் வீட்டுக்குப் போக விடுவிக்கப்பட்டார்கள். ஒரே அறையில் படுத்தெழுந்த பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழுது பிரிந்தார்கள். அந்த வாரம் வாஷிங்டனின் தந்திக் கம்பிகள் அறுந்துகிடந்தன. ஃபிலடெல்ஃபியா தளத்தின் தலைவர் டியூ பாண்ட் உத்தரவுக்குக் காத்திராமல், அன்னபொலிஸில் இறங்கும் படைகளைக் காக்கத் தாமாகவே செசபீக் விரிகுடாவுக்குக் கப்பல்களை அனுப்பினார். மக்காலியும் டியூ பாண்டும் ஒரே பயிற்சியில் வளர்ந்தவர்கள், ஒரே விதிப்புத்தகத்தைப் படித்தவர்கள்.

நார்ஃபோக்கில் நடந்ததன் பின்கதையைச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. தெற்கு அதிகாரிகள் மெரிமாக்கைத் தூக்கி நிறுத்தி, வெடிக்காமல் போன அதே உலர் துறையில் வைத்து, இரும்புத் தகடு போர்த்தி ‘வர்ஜீனியா’ என்று பெயர் சூட்டினார்கள். 1862 மார்ச் 8 அன்று அதை ஓட்டிவந்தவர் ஃபிராங்க்லின் புக்கானன். முதலில் மூழ்கடித்தது நார்ஃபோக்கிலிருந்து தப்பிய ஒரே போர்க்கப்பலான ‘கம்பர்லேண்டை’. அடுத்து எரித்த ‘காங்கிரஸ்’ கப்பலில் அவருடைய சொந்தச் சகோதரர் வடக்கின் அதிகாரியாக இருந்தார். மறுநாள் அதை எதிர்கொண்டு நிறுத்திய ‘மானிட்டர்’ கப்பலின் தலைவர், கடிதத்தை மனப்பாடம் செய்துகொண்டு ரயிலேறிய வோர்டன். அந்தச் சண்டையில் கண்களில் காயம்பட்டார். இரண்டு மாதம் கழித்து, மே 10 அன்று, வடக்கு நார்ஃபோக்கை மீட்டது. ஆழமில்லாத ஆற்றில் மேலேறித் தப்ப முடியாத வர்ஜீனியாவை மறுநாள் அதிகாலையில் அதன் ஆட்களே கொளுத்திவிட்டார்கள். அந்த உத்தரவைக் கொடுத்த ஜோசையா டட்நாலும் ஓராண்டுக்கு முன்புவரை அமெரிக்கக் கடற்படையின் கேப்டன்.